நெடுந்தீவுக்கு ஒரு பகல் போதுமா?

நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் காங்கேசன்துறை வரும் ஆறு நண்பர்கள். ஏப்ரல் நடுவில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, ஒரு பகலை யாழ்ப்பாணக் கரைக்கு அப்பால் இருக்கும் நெடுந்தீவுக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள். காலையில் போய் மாலையில் திரும்ப முடியுமா, குதிரைகள், கோட்டை, பெருக்குமரம், வளரும் கல், பெரிய பாதச்சுவடு, கடற்குளியல் எல்லாவற்றையும் அதற்குள் முடிக்கலாமா, வழியில் நயினாதீவையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் ஒரு வரி: "எங்களில் ஒருவனுக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, கூட்டிவரலாமா?" போகிற போக்கில் எழுதிய அந்த வரிதான் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்குச் சரியான பதில் கிடைத்துவிட்டால் எத்தனை இடம் பார்க்கலாம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

என்னைப் பற்றி ஓரிரு வார்த்தை. அம்மாவின் ஊர் நெடுந்தீவு. நான் யாழ்ப்பாணத்தில் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். கடலும் காலமும் விட்ட வருடங்களில் எல்லாம் உயர்தர வகுப்புப் பிள்ளைகளைக் களப்பயணமாக அந்தத் தீவுக்குக் கூட்டிப்போயிருக்கிறேன். ஆகவே நிலம், நீர், காற்று, வெயில் பற்றி நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். வரலாறு நான் படித்த துறையல்ல. அதில் உறுதியாகத் தெரிந்தது எது, ஊரார் சொல்லக் கேட்டது எது என்று பிரித்தே சொல்கிறேன். மருத்துவமும் என் துறையல்ல, அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளில் போய்வரலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் போய்வருகிறார்கள். யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் வெளியேறி, மண்டைதீவுச் சந்தி, வேலணை, அப்புறம் இன்னொரு நீண்ட கடற்பாலம் தாண்டிப் புங்குடுதீவு. அதன் மேற்கு முனையில் குறிகட்டுவான் இறங்குதுறை. 776 இலக்க பஸ் அங்கேதான் போகிறது. ஆறு பேர் என்றால் ஒரு வானைப் பிடிப்பது சுகம். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே வையுங்கள். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவின் மாவிலித்துறைக்குப் படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். வடதாரகை, நெடுந்தாரகை, குமுதினி என்ற பெயர்களைக் கேட்பீர்கள். அன்றைக்கு எது ஓடும், எத்தனை மணிக்கு ஓடும் என்பது காற்றையும் பழுதையும் பொறுத்தது. பழைய பயணக் குறிப்புகளில் பார்த்த நேரத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம். முதல் நாள் பின்னேரமே நீங்கள் தங்கும் வீட்டுக்காரரைக் கொண்டு துறையில் விசாரிக்கச் சொல்லுங்கள். பொதுவாகக் காலையில் போகும் படகும், பிற்பகலில் திரும்பும் படகும்தான் உங்கள் நாளின் இரண்டு கரைகள். நடுவில் தீவில் நிற்கக் கிடைப்பது ஐந்து மணி நேரம் வரை. கடைசிப் படகை விட்டால் இரவு தீவில்தான்.

ஏப்ரலில் கடலைப் பற்றி நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. மாரி காலத்து வாடைக்காற்று அடங்கி, சோளகம் என்ற தென்மேற்குக் காற்று இன்னும் எழும்பாத இடைவெளி அது. அந்த மாதங்களில் பாக்கு நீரிணையின் இந்தப் பக்கம் பல நாட்கள் கண்ணாடிபோலக் கிடக்கும். சோளகம் மே மாதக் கடைசியில் பிடித்தால் செப்டம்பர் வரை விடாது. அப்போது இந்த ஒரு மணி நேரப் பயணமே பலருக்கு வயிற்றைப் புரட்டிவிடும், சில நாட்களில் படகே ஓடாது. நீங்கள் தேர்ந்த மாதம் படகுக்கு மிக நல்ல மாதம். வெயிலுக்கு அதைவிடக் கடுமையான மாதம் இல்லை.

ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். நெடுந்தீவு வட அகலக்கோடு 9½ பாகைக்கு மிக அருகில் இருக்கிறது. சூரியன் வருடத்தில் இரண்டு தடவை அந்த இடத்துக்கு நேர் மேலே வரும். ஒன்று ஏப்ரல் 14ஐ ஒட்டி, மற்றது ஓகஸ்ட் கடைசியில். அதாவது நீங்கள் வரும் அந்தக் கிழமையில், மத்தியானம் 12 மணி கழிந்து பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில், உங்கள் நிழல் உங்கள் காலடிக்குள்ளேயே ஒடுங்கிவிடும். இது வகுப்பில் சொல்வதற்கு அழகான விஷயம். திறந்த வெளியில் நிற்பவருக்கு இதன் பொருள் வேறு: அந்த நேரத்தில் மதில் நிழல் தராது, தூண் நிழல் தராது, பனை தன் அடியில் ஒரு பாய் அளவுக்கு வட்டமாக ஒரு நிழலைப் போடும், அவ்வளவுதான். நெடுந்தீவில் பனையும் கல்வேலியும் வெட்டவெளியும்தான் அதிகம். பெரிய நிழல் மரங்கள் எங்கெங்கே என்று எண்ணிச் சொல்லிவிடலாம்.

இன்னொன்று, அந்தத் தீவில் வெயில் சுடுவது உடனே தெரியாது. கடற்காற்று இடைவிடாமல் அடிக்கும். வியர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடும். "வியர்க்கவே இல்லையே, சும்மா இதமாக இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரம் நடந்துவிடுவார்கள். உடம்பிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும். கீழே வெளிறிய கல்லும் மணலும் வெளிச்சத்தைத் திருப்பி முகத்தில் அடிக்கும், தொப்பி அதைத் தடுக்காது. இது எல்லாம் எனக்குப் பாடமாகத் தெரியும். தெரிந்தும் ஒருமுறை பிழை விட்டேன்.

அது ஒரு ஏப்ரல் பயணம். முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். படகு பிந்தியதால் நேரத்தைப் பிடிக்கவேண்டும் என்று, உழவு இயந்திரப் பெட்டியில் எல்லோரையும் ஏற்றி, நடு மத்தியானத்தில் குதிரைகள் நிற்கும் தென்பக்கத்து வெளிக்குக் கொண்டுபோனேன். திரும்பும் வழியில் எப்போதும் கலகலவென்று கதைக்கும் ஒரு மாணவி பேசாமல் இருந்தாள். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். தோல் நெருப்பாய்ச் சுட்டது. பக்கத்தில் இருந்த ஒரு வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த வீட்டம்மா ஒன்றும் கேட்கவில்லை. திண்ணையில் கிடத்தச் சொல்லி, உள்ளே இருந்த ஒரு குடத் தண்ணீரைக் கொண்டுவந்து தலையிலும் கழுத்திலும் உடம்பிலும் ஊற்றினார். பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டே இருந்தார். பிள்ளை தெளிந்தாள், வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம், நல்லபடியாக வீடு திரும்பினாள். பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அன்றைக்கு அந்த வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் இருந்தது இரண்டே குடம். தூரத்துக் கிணற்றில் வரிசையில் நின்று சுமந்து வந்த தண்ணீர். அதில் ஒன்றை அந்த அம்மா ஊற்றி முடித்திருந்தார். பிழை முழுக்க என்னுடையது. நேரத்தைப் பிடிக்கப் பார்த்தேன், அதற்கு விலை கொடுத்தது அந்த வீடு. அதன்பிறகு நான் கூட்டிப்போன எந்தப் பயணத்திலும் பன்னிரண்டு மணிக்கு எவரும் வெளியில் நின்றதில்லை, எவரும் தீவில் தண்ணீர் கேட்டதில்லை.

தண்ணீர் ஏன் அங்கே அப்படி அருமை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதைத் தெரிந்துகொண்டு போனால் தீவை வேறு கண்ணால் பார்ப்பீர்கள். ஏறத்தாழ 50 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள தட்டையான நிலம் அது. மலை இல்லை, ஆறு இல்லை. அடியில் இருப்பது பவளப்பாறையும் சுண்ணக்கல்லும், சல்லடைபோல ஓட்டை நிறைந்த கல். மாரியில், அதிலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை, பெய்யும் மழை அதற்குள் இறங்கும். கீழே ஏற்கெனவே கடல்நீர் ஊறிக் கிடக்கும். நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் உப்புநீரின் மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கும். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது பாடநூல் கணக்கு. நிஜத் தீவில் இது இவ்வளவு சுத்தமாக அமையாது, ஆனால் போக்கு அதுதான். இதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஓரடியை இறைத்துவிட்டால் கீழேயிருந்து உப்பு பல அடி மேலே ஏறும். கிணறு வற்றாது, உவர்த்துப்போகும். உவர்த்த கிணறு திரும்ப நன்னீராக நல்ல மாரிகள் வேண்டும். ஆகவே ஒரு விருந்தினர் கூட்டம் கடலில் குளித்துவிட்டு வந்து "உப்பைக் கழுவ ரெண்டு வாளி தண்ணி" என்று கேட்பது அங்கே சின்ன விஷயமல்ல. கேட்டால் கொடுப்பார்கள். நெடுந்தீவு ஆட்கள் இல்லையென்று சொல்லத் தெரியாதவர்கள். கேட்காமல் இருக்கவேண்டியது நாம்.

சரி, உங்கள் நண்பர். வெயில் ஒத்துக்கொள்ளாது என்றால் என்ன பொருள் என்று முதலில் அவரிடமே கேளுங்கள். வெயிலில் தலையிடி வரும், தோல் சிவக்கும் என்ற அளவானால், கீழே நான் சொல்லும் ஒழுங்கில் வந்தால் தாராளமாகக் கூட்டிவரலாம். முன்பு வெயிலில் மயங்கி விழுந்திருக்கிறார், இதய நோய் இருக்கிறது, இரத்த அழுத்தத்துக்கோ மனநலத்துக்கோ மாத்திரை எடுக்கிறார் என்றால் கிளம்புமுன் அவருடைய வைத்தியரைக் கேட்கத்தான் வேண்டும். சில மாத்திரைகள் உடம்பு வெப்பத்தைச் சமாளிப்பதைக் கெடுக்கும். எது என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. தீவில் ஓர் அரச வைத்தியசாலை உண்டு. ஆனால் அதற்கு மேல் சிகிச்சை வேண்டுமானால் நோயாளியைக் கடல் கடந்துதான் கொண்டுபோகவேண்டும்.

எந்த நண்பரானாலும் கவனிக்க வேண்டியது இதுதான். தலையிடி, குமட்டல், கால் பிடிப்பு, தலைசுற்று வந்தால் உடனே நிழல், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், உப்பும் சீனியும் சேர்ந்த ஜீவனி. பேச்சுக் குழம்புகிறது, நடை தள்ளாடுகிறது, ஆளே மாறியமாதிரி இருக்கிறார் என்றால் அது வேறு கட்டம். உடம்பை நனையுங்கள், விசிறுங்கள், அதைச் செய்துகொண்டே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். தெளிவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர் குறிகட்டுவான் வருமுன்பே வாங்கி வானில் போட்டுவிடுங்கள். ஆறு பேருக்கு ஒரு குடையாவது கொண்டுவாருங்கள். முழுக்கைப் பருத்திச் சட்டை எந்தப் பூச்சுமருந்தையும்விட நல்லது. முதல் நாள் இரவு கூட்டாளிமார் சேர்ந்து குடித்துவிட்டுக் காலையில் கிளம்புவது உண்டு. மதுவும் உடம்பின் தண்ணீரைக் கழற்றிவிடும். அன்றிரவு அதைத் தவிர்த்துவிடுங்கள், தீவிலும் வேண்டாம்.

இனி அந்த ஐந்து மணி நேரம். மாவிலித்துறையில் இறங்கியதும் ஓட்டோக்களும் சில பிக்கப் வண்டிகளும் நிற்கும். ஆறு பேருக்கு ஒரு பிக்கப் பேசுங்கள். எங்கெங்கே போவது, எவ்வளவு பணம், எத்தனை மணிக்குத் திரும்பத் துறையில் விடவேண்டும் என்ற மூன்றையும் ஏறுமுன் பேசி முடியுங்கள். காசு கையில் இருக்கட்டும். பெரும்பாலான சாரதிகள் துறைக்குக் கிட்ட இருக்கும் இடங்களில் தொடங்கிக் கடைசியில் குதிரை வெளிக்குப் போவார்கள். நீங்கள் தலைகீழாகக் கேளுங்கள். திறந்த வெளி முதலில், நிழல் உள்ள இடங்கள் பிறகு. பத்தரை மணிக்குள் குதிரைகளைப் பார்த்துவிட வேண்டும். அந்த நேரத்தில்தான் அவையும் அசைந்து திரிந்து மேயும். மத்தியானத்தில் அவையே நிழல் தேடி ஒதுங்கிவிடும்.

அந்தக் கட்டாக்காலிக் குதிரைகளுக்காகவே நீங்கள் வருகிறீர்கள் என்றால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். மண்ணிறமும் வெள்ளையும் கலந்து, சற்றே குள்ளமாக, பிடரி காற்றில் பறக்கக் கூட்டமாக நிற்கும். யார் கொண்டுவந்தது என்பதில் இரண்டு பேச்சு உண்டு. போர்த்துக்கேயர் விட்டுப்போனவை என்பது ஊரில் பரவலாகச் சொல்வது, ஒல்லாந்தர் என்பவர்களும் உண்டு. இரண்டில் எதையும் அடித்துச் சொல்ல முடியாது. உறுதியானது, ஆங்கிலேயர் காலத் தொடக்கத்தில், 19ஆம் நூற்றாண்டின் முதல் சில பத்தாண்டுகளில், நோலன் என்ற இராணுவ அதிகாரி இந்தத் தீவைப் பார்த்துக்கொண்டு இங்கே குதிரை வளர்ப்பை நடத்தினார் என்பது. சாறாப்பிட்டிப் பக்கம் அந்தக் காலத்துக் குதிரை லாயத்தின் கல்தூண்கள் இன்றும் நிற்கின்றன. கவனிப்பார் இல்லாமல் போனபின் குதிரைகள் தாமாகவே பெருகின. 2015இல் தீவின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது, அதற்கு முக்கியக் காரணம் இவைதான். அப்படியும் வறட்சி முற்றும் வருடங்களில் தண்ணீர் இல்லாமல் குதிரைகள் செத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாரி பிந்தினால் எங்கள் எல்லோருக்கும் முதலில் அவற்றின் நினைப்புத்தான் வரும். கிட்டப் போகாதீர்கள், இருபது மீட்டர் தள்ளி நின்றால் அவை உங்களைப் பொருட்படுத்தாமல் மேயும். பிஸ்கட் நீட்டாதீர்கள். பின்பக்கமாகப் போகவே வேண்டாம், உதை பலமாக விழும். பிளாஸ்டிக் பையைக் காற்றில் விட்டுவிட்டால் அது கடைசியில் ஒரு மாட்டின் வயிற்றுக்குள்தான் போகும்.

மாடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பசுத்தீவு என்றும் இதற்குப் பழைய பெயர் உண்டு. போர்த்துக்கேயரும் தங்கள் மொழியில் பசுக்களின் தீவு என்றே எழுதினார்கள். ஒல்லாந்தர் வந்து தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களைத் தீவுகளுக்குச் சூட்டினார்கள். காரைநகருக்கு ஆம்ஸ்டர்டாம், வேலணைக்கு லெய்டன், நெடுந்தீவுக்கு டெல்ஃப்ட். மற்றவை மறைந்துபோயின, டெல்ஃப்ட் மட்டும் அரச பெயர்ப்பலகைகளில் இன்றும் நிற்கிறது. நீங்கள் ஊராரோடு கதைக்கும்போது நெடுந்தீவு என்றே சொல்லுங்கள், அவர்கள் முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

வடகரையில், வைத்தியசாலைக்குப் பக்கத்தில், பவளக்கல்லால் கட்டிய கோட்டை இடிந்து நிற்கிறது. போர்த்துக்கேயர் கட்ட, ஒல்லாந்தர் திருத்தி எடுத்தது என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்து. ஊரில் அதை மீகாமன் கோட்டை என்பார்கள். மேற்கே வெடியரசன் கோட்டை என்று ஒன்றைக் காட்டுவார்கள். இரண்டும் ஒரே கதையின் இரு பக்கம். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி மீகாமன் கப்பலில் வந்தான், தீவை ஆண்ட வெடியரசன் மறித்தான், போர் நடந்தது என்பது அந்தக் கதை. சிறுவயதில் அம்மாச்சி மடியில் கிடந்து கேட்ட கதை, எனக்கு அது உயிர். ஆனால் அங்கே தரையில் நீங்கள் காண்பது போர்க்கோட்டை அல்ல. பவளக்கல்லால் அடுக்கிய வட்டமான பௌத்தத் தூபிகளின் அடித்தளங்கள் என்று தொல்லியலாளர்கள் சொல்கிறார்கள், அந்த வட்ட வடிவைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். தமிழ் மண்ணில் தமிழரும் பௌத்தத்தைப் பின்பற்றிய காலம் ஒன்று இருந்தது. கதையும் தூபியும் ஒன்றை ஒன்று பொய்யாக்க வேண்டியதில்லை. கதையைக் கதையாகக் கேளுங்கள், கல்லைக் கல்லாகப் பாருங்கள்.

பாதச்சுவடும் வளரும் கல்லும் அப்படித்தான். பாறையில் பெரிய பாதம்போல ஒரு பள்ளம் இருக்கிறது. அனுமன் இலங்கைக்குத் தாவியபோது வைத்த அடி என்பார் ஒருவர், ஆதிமனிதன் என்பார் மற்றவர். சுண்ணக்கல்லை மழைநீர் கரைத்து இப்படிக் குழிகளை உண்டாக்குவது எங்கும் நடப்பது, நான் பிள்ளைகளுக்கு அப்படித்தான் விளக்குவேன். வளர்ந்துகொண்டே இருப்பதாக ஊரார் நம்பும் வளரும் கல்லைத் தெய்வமாகக் கும்பிடுகிறார்கள், ஆகவே அதன் முன்னால் நின்று விவாதிக்காமல் செருப்பைக் கழற்றிவிட்டு நில்லுங்கள். நேரம் போதாமல் எதையாவது விடவேண்டி வந்தால் இந்த இரண்டையும் விடலாம். பெருக்குமரத்தை விடாதீர்கள். ஆபிரிக்காவுக்கு உரிய மரம் அது, அரபு வணிகர்கள் கொண்டுவந்திருக்கலாம் என்பது ஊகம். ஆனால் அடிமரத்துக்குள் ஆட்கள் நுழைந்து நிற்கும் அளவுக்குப் பொந்து இருப்பது கண்கூடு. உள்ளே குளிராக இருக்கும். அதன் பட்டையில் பெயர் செதுக்கியவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நோகும். நீங்கள் ஆறு பேரும் உங்கள் பெயர்களை உங்களோடேயே திருப்பிக் கொண்டுபோய்விடுங்கள்.

பதினொன்றரை முதல் ஒன்றரை வரை எங்கேயும் போகாதீர்கள். முதல் நாளே சொல்லி வைத்தால் தீவில் மத்தியானச் சாப்பாடு செய்து தருபவர்கள் இருக்கிறார்கள், சாரதியைக் கேட்டாலே தெரியும். மீனும் நண்டும் அன்றைக்குப் பிடித்ததாக இருக்கும். காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் கிடைத்தால் விடவேண்டாம். சாப்பிட்டுவிட்டு நிழலில் படுங்கள், கதையுங்கள். சீமெந்து இல்லாமல் பவளக்கற்களை அடுக்கியே எழுப்பிய அந்த வேலிகளின் இடைவெளியால் காற்று வருவதைப் பாருங்கள். அந்த வேலி காற்றைத் தடுக்காது, அதன் வேகத்தை மட்டும் குறைக்கும். அதனால்தான் எந்தச் சோளகத்துக்கும் சரியாமல் நிற்கிறது. நண்பர்களாக வந்ததன் இனிமை அந்த இரண்டு மணி நேரத்தில்தான் இருக்கிறது. நான் கூட்டிப்போன பிள்ளைகள் இருபது வருடம் கழித்துச் சந்திக்கும்போது நினைவுபடுத்துவது கோட்டையை அல்ல, அந்த மத்தியான நிழலில் பாடிய பாட்டுகளைத்தான்.

கடற்குளியல் பற்றி: மணல் கரைகள் உண்டு, தண்ணீர் ஆழம் குறைந்தது, பச்சையும் நீலமுமாக ஆசை காட்டும். ஆனால் அடியில் பவளக்கல்லும் கடல் முள்ளெலியும் இருக்கும், மணலில் திருக்கை பதுங்கியிருக்கும். செருப்போடு இறங்குங்கள். காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து இழுத்து நடந்தால் திருக்கை விலகிப்போய்விடும். உயிர்காப்பாளர் என்று எவரும் அங்கே இல்லை. ஒன்றரைக்குப் பிறகு, சாரதி காட்டும் இடத்தில் மட்டும், அரை மணி நேரம் போதும். உப்பைக் கழுவாமல் துவாயால் துடைத்துக்கொண்டு வாருங்கள், யாழ்ப்பாணம் போய்க் குளிக்கலாம்.

நயினாதீவு அதே குறிகட்டுவானிலிருந்து இருபது நிமிடத்துக்குள் போய்விடும், படகுகளும் அடிக்கடி ஓடும். நாகபூசணி அம்மன் கோயிலையும் நாகதீப விகாரையையும் பார்க்க அரைநாள் வேண்டும். நெடுந்தீவிலிருந்து திரும்பிய களைப்போடு அதைச் சேர்ப்பது உங்கள் உடம்புக்கும் நல்லதல்ல, அம்மனுக்கும் மரியாதையல்ல. இன்னொரு காலையை அதற்கு வையுங்கள். கச்சதீவைப் பற்றியும் தமிழ்நாட்டுக்காரர் பலர் கேட்பார்கள். அது நெடுந்தீவுக்குத் தென்மேற்கே, இதே பிரதேச செயலகப் பிரிவில்தான் இருக்கிறது. ஆனால் மாசி, பங்குனியை ஒட்டி நடக்கும் அந்தோனியார் திருவிழாவுக்கு ஒழுங்கு செய்யப்படும் படகுகளைத் தவிர அங்கே பயணிகள் போக வழியில்லை.

துறையில் கடற்படையினர் பெயர் பதிவது உண்டு, கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். உயிர்காப்பு அங்கி தந்தால் போட்டுக்கொள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. குமுதினி என்ற பெயரைப் படகில் எழுதியிருப்பதைக் கண்டால் ஒரு நிமிடம் அதைப் பாருங்கள். 1985 மே 15இல் நெடுந்தீவிலிருந்து வந்த குமுதினிப் படகை நடுக்கடலில் மறித்து, பெண்கள், குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகளை வெட்டிக் கொன்றார்கள். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறுபடும், நடந்ததில் ஐயமில்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் தீவு அவர்களை நினைவுகூர்கிறது. உங்களோடு படகில் இருக்கும் வயதானவர்களில் பலருக்கு அதில் உறவு உண்டு. அதைப் பற்றி நீங்களாகக் கேட்க வேண்டாம், அவர்களாகச் சொன்னால் கேளுங்கள்.

பிற்பகல் படகுக்கு அரை மணி முன்பே மாவிலித்துறைக்கு வந்துவிடுங்கள். அந்தப் படகு முதலில் ஊர்ச்சனத்துக்கு: ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவர், பட்டணத்தில் படிக்கும் பிள்ளை, மீன் கூடையோடு வரும் அம்மா. இருக்கையை அவர்களுக்கு விட்டுவிட்டு நின்று வந்தாலும் ஒரு மணி நேரம்தானே. உட்கார இடம் கிடைத்தால் உங்கள் நண்பரைப் படகின் வலப்பக்கமாக இருத்துங்கள். காலையில் தென்மேற்காகப் போகும்போதும் பின்னேரம் வடகிழக்காகத் திரும்பும்போதும் சூரியன் இடப்பக்கத்துப் பின்னால்தான் நிற்கும், வலப்பக்கம் இரண்டு தடவையும் நிழல்.